பலகையில் நின்று பார்த்த சூடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் அலுவலகத்துப் பெரிய கிராணி ஆள் அனுப்பிக் கேட்டார். நல்ல வார்த்தையாகவே எழுதலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மதியம் ஜெலுத்தோங் கடற்கரைக்கு நடந்து வந்து, நான் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறையாக வேலை பார்த்த சிப்பிக் குளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனேன். அதோடு அந்த எண்ணம் போய்விட்டது.

உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், மதகடிப் பலகையில் நின்றுகொண்டிருந்தார். காலில் பளபளவென்று சப்பாத்து. கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரைக் குனியாமலே தண்ணீரில் விட்டார், எடுத்தார், வாய்க்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டே நோட்டில் எழுதினார். எழுதி முடித்ததும் கைக்குட்டையால் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டார். கையில் தடி இருந்திருந்தால் முட்டியிலேயே இரண்டு போட்டிருப்பேன். வயதாகிவிட்டது, சண்டை போட மூச்சு இல்லை. ஆகவே எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். படிக்க இனிக்காது.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கெராங் சிப்பியைக் கல் மாதிரி நினைக்கிறீர்கள். சேற்றில் கிடக்கிறது, அசைவதாகத் தெரியவில்லை, கூடையில் கொட்டினால் கருங்கல் ஜல்லி கொட்டுகிற சத்தம்தான் வருகிறது. கல் இல்லை ஐயா. உடைத்துப் பாருங்கள், உங்களுக்கும் எனக்கும் ஓடுகிற மாதிரிச் சிவப்பு ரத்தம் ஓடுகிறது. ஒரே ஒரு வித்தியாசம். நம் உடம்புக்கென்று ஒரு சூடு இருக்கிறது, அதற்கு இல்லை. சுற்றியிருக்கும் தண்ணீர் என்ன சூடோ அதுதான் அதன் ரத்தத்தின் சூடு.

தண்ணீர் சூடேறினால் அதன் இருதயம் வேகமாக அடிக்கும், செவுள் வேகமாக ஓடும், மூச்சு அதிகம் வேண்டியிருக்கும். ஆனால் சூடான தண்ணீரில் மூச்சுக்காற்று குறைவு. வீட்டில் ஆள் கூடுகிற மாதத்தில் அரிசிப் பானை காலியாக இருப்பது மாதிரி. கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு ஓட்டை இழுத்து மூடுகிற தசை தளர்ந்து, வாயைப் பிளந்துவிடும். ஒன்று செத்து அழுகினால், அது பக்கத்தில் கிடப்பதன் மூச்சையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளும். எல்லாச் சிப்பிக்கும் ஒரே அளவு என்றும் எண்ணாதீர்கள். பாறையில் ஒட்டிக்கிடப்பது அரை நாள் வெயிலை வாய் மூடித் தாங்கும். மெல்லிய ஓட்டு லாலாச் சிப்பி அதே வெயிலில் முதலில் போய்விடும். கெராங் இரண்டுக்கும் நடுவில். அது சேற்றுக்குள் புதைந்து தப்பிக்கப் பார்க்கும் ஜீவன். நாம் அதைக் கொண்டுவந்து குளத்தில் குவித்துவிட்டு, புதையவும் இடம் கொடுப்பதில்லை.

குளத்தில் ஏன் போடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல கடல் தண்ணீரில் ஒரு நாள், ஒன்றரை நாள் கிடந்தால், வயிற்றில் இருக்கிற சேற்றையும் அழுக்கையும் துப்பிவிடும். துப்ப வேண்டுமானால் அது திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். சூடு மிஞ்சினால் சாகும். குளிர் மிஞ்சினால் இறுக்க மூடிக்கொள்ளும், துப்பாது. இந்த இரண்டு வரியைத் தெரிந்துகொள்ள நான் ஒரு மனிதனின் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் இங்கே சேர்ந்தது முதல் ஜெர்மன் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுதப் படித்தவன், கையெழுத்து அழகு, மாதா கோயில் சாமியார் கொடுத்த ஒரு கடிதம். அவ்வளவுதான் என் தகுதி. கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை என்னைக் கணக்கு எழுதும் கிராணியாகப் போட்டார். அந்தக் காலத்தில் கிராணி என்றால் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. கூலி என்றால் வெறுங்கால். எங்கள் வீட்டில் சப்பாத்துப் போட்ட முதல் ஆள் நான். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் சப்பாத்தோடு தெருவில் போவதைப் பார்க்க அவர் வாசலில் வந்து நிற்பார். அந்தச் சப்பாத்தில் சேறு படுவது எனக்கு ஜாதி போவது மாதிரி இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

என் வேலைகளில் ஒன்று, காலை ஏழு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு என்று மூன்று தடவை குளத்துத் தண்ணீரின் சூட்டைப் பாரன்ஹீட்டில் பார்த்து எழுதுவது. குளத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மதகடியில் ஒரு பலகை இருந்தது. எனக்கு முன்னால் இருந்த கிராணி அதில் நின்றுதான் பார்ப்பார். நானும் அதில் நின்று பார்த்தேன். அங்கே தண்ணீர் இடுப்பளவு ஆழம், மேலே அலுவலகக் கட்டடத்தின் நிழல். கெராங் கிடந்ததோ எதிர்க் கோடியில், கணுக்கால் தண்ணீரில், மொட்டை வெயிலில். இதற்குமேல் ஒரு அயோக்கியத்தனமும் செய்தேன். காலையில் ஒரு தடவை பார்ப்பேன். வெயில் கடுமையாக இருந்தால் மதியத்துக்கும் மாலைக்கும் வெளியே போகாமல், மேசையில் உட்கார்ந்தபடியே ஒரு டிகிரி கூட்டி எழுதிவிடுவேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்? என்னுடையது ஏட்டுச் சுரைக்காய்கூட இல்லை, ஏட்டில் காய்த்த பொய்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் குளத்தாள் வேலு. முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான். விடிந்ததும் குளத்தில் இறங்கி ஒரு சுற்று நடப்பான். காலால் தடவியே எந்தக் குவியல் நன்றாக இருக்கிறது, எது சோர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். கம்பெனி லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு அவனுக்கு. மனைவி மாரியாயி அப்போது ஏழு மாதம். வேலை போனால் வீடும் போகும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த வருஷம் மழை தவறியது. இரண்டு வாரமாக வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. அதோடு கடல் அதிகம் ஏறாத நாட்களும் சேர்ந்துகொண்டன. மதகைத் திறந்தால் புதுத் தண்ணீர் முழங்கால் அளவுகூட வரவில்லை. பட்டணத்தில் சீனர்களின் பெரிய விருந்து ஒன்று வந்ததால் துரை வழக்கத்தைவிட இரண்டு பங்கு கெராங்கைக் குளத்தில் கொட்டச் சொல்லியிருந்தார். மலாய்ப் படகுக்காரர்கள் கொட்டிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்கள்.

ஒரு மதியம் வேலு அலுவலக வாசலுக்கு வந்தான். முழங்கால் வரை சேறு. உள்ளே வரவில்லை.

"கிராணி ஐயா, அந்தக் கோடிப் பக்கம் காலு வெக்க முடியல. கொதிக்குது. கெராங் எல்லாம் புதையாம மேல வந்து கெடக்கு. தண்ணி பால் மாதிரி வேற கலங்குது, சூடு தாங்காம முட்ட வெதையெல்லாம் விட்டுடுச்சுங்க. வந்து ஒரு தடவ பாருங்களேன்."

"எண்பத்தஞ்சுதான் காட்டுது, வேலு."

"பலககிட்ட அப்படித்தான் காட்டும். கோடிக்கு வாங்க. பாதியத் திரும்ப சேத்துல கொண்டுபோய் விட்டுடலாம். மிச்சத்துக்கு மேல நெழலுக்கு அத்தாப்பு ஓல போட்டா பொழைச்சுக்கும்."

நான் என் காலைப் பார்த்தேன். காலையில்தான் சப்பாத்துக்குச் சுண்ணம் பூசி வெளுத்திருந்தேன். பக்கத்தில் கூடை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராணி ஒரு குளத்தாளுக்குப் பின்னால் சேற்றில் இறங்கிப் போவதா?

"உன் காலு பெருசா, வெள்ளைக்காரன் செஞ்ச கண்ணாடிக் குழா பெருசா?" என்று கேட்டேன்.

கூடைக்காரர்கள் சிரித்தார்கள். வேலு சிரிக்கவில்லை. "காலுதான் ஐயா தண்ணிக்குள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பதிலுக்காக அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னவன்மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதைப்போல் அசிங்கம் உலகத்தில் வேறு இல்லை.

மறுநாள் நாற்றம் கிளம்பியது. கோடிப் பக்கத்தில் கூடை கூடையாக வாய் பிளந்து கிடந்தது. துரை மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், யோசிக்காத மனிதர். மீன் வியாபாரத்திலிருந்து வந்தவர். மீன் கெடாமல் இருக்க என்ன செய்வார்களோ அதையே சொன்னார். ஐஸ் கொண்டுவந்து கொட்டு. இரண்டு மாட்டுவண்டி ஐஸ் வந்தது, வைக்கோல் சுற்றிய பாளம் பாளமாக.

வேலு துரைக்கு முன்னால் போய் நின்று மலாயில் சொன்னான். நான் தமிழில் எழுதுகிறேன். "துவான், மீனு செத்தது. இது உசிரோட இருக்குலா. வெந்நியில கெடந்தத திடீர்னு ஐஸ்ல போட்டா இறுக்கி மூடிக்கும். மூச்சு விடாது, துப்பாது. நல்லாயிருச்சுன்னு நாம நெனச்சுக்குவோம்."

துரை என் பக்கம் திரும்பி, "இவன் என்ன, வைத்தியனா?" என்றார். நான் பல்லைக் காட்டினேன்.

வாய் பிளந்ததை அள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கூடைகளில் வாரி அடுக்கி ஐஸ் போட்டார்கள். விடிந்ததும் போய்ப் பார்த்தால் எல்லாம் கெட்டியாக மூடிக்கொண்டிருந்தன. ஒன்றோடொன்றைத் தட்டினால் கணீரென்று சத்தம். துரைக்குச் சந்தோஷம். அவ்வளவையும் உடனே வண்டியில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பச் சொன்னார். அவர் அந்தப் பக்கம் போக, உத்தரவை வேலுவிடம் சொல்ல வேண்டியவன் நான்.

"ஏத்த மாட்டேன் ஐயா" என்றான் அவன்.

"என்னடா பேசற?"

"இதுக மூணு நாளா துப்பல. அழுக்கு எல்லாத்தையும் வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு மூடிக் கெடக்கு. சாகப்போறதும் இதுக்குள்ளதான் கெடக்கு, வெளிய தெரியல. பட்டணத்துல சுடுதண்ணில ஒரு முக்கு முக்கி அரவேக்காட்டுல திங்கிறாங்க. புள்ளகுட்டிங்க திங்குது. நாளைக்கு வாந்திபேதி வந்தா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

"துரை சொன்னா ஏத்து. உனக்கென்ன வந்துச்சு?"

அவன் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்ததைப் பார்த்து ஏற்றுக்கூலிகளும் கையைக் கட்டிக்கொண்டார்கள். நான் கத்தினேன், மிரட்டினேன், மாரியாயியின் வயிற்றை நினைத்துப் பார் என்றுகூடச் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குள் ஐஸ் உருகி, அடுக்கி வைத்த கூடைகளில் வெயில் ஏறியது. மூன்று மணிக்கு ஒவ்வொன்றாக வாய் திறந்தது. உள்ளே பாதிக்குமேல் கறுத்துப்போன சதை. வந்த நாற்றத்தில் வண்டி மாடுகள்கூட விலகி நின்றன. அந்தச் சரக்கு பட்டணத்துக்குப் போயிருந்தால் எத்தனை வீட்டில் பாடை கட்டியிருப்பார்களோ, அந்தக் கர்த்தருக்குத்தான் தெரியும். ஒரு குளத்தாள் கூடைமேல் உட்கார்ந்து அதைத் தடுத்தான்.

அதற்குக் கிடைத்த சன்மானத்தைக் கேளுங்கள். மறுநாள் காலைப் பெரட்டில், ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் வேளையில், துரை முற்றத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வாரத்துச் சூட்டைச் சத்தமாகப் படி என்றார். படித்தேன். எண்பத்து நாலு. எண்பத்தைந்து. எண்பத்தைந்து. எண்பத்தாறு. என் அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

துரையின் கணக்கு சுலபமாக முடிந்தது. தண்ணீர் சூடாகவில்லை. ஆகவே கெராங் நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஏற்றியிருந்தால் சரக்கு தப்பியிருக்கும். ஏற்றாமல் வெயிலில் போட்டுக் கெடுத்தவன் வேலு.

"தண்ணி கொதிச்சுது துவான்" என்றான் வேலு.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் காலுக்குத் தெரியும்."

துரை சிரித்தார். அவர் சிரித்ததும் நானும் சிரித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சிரிப்பு என் காதிலேயே கேட்கிறது, என் தொண்டையை நானே நெரிக்கலாம் போல இருக்கிறது. பிறகு துரை என்னைப் பார்த்து, "நோட்டு சரியா, இவன் சொல்வது சரியா?" என்று கேட்டார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நோட்டுதான் சரி. அவன் பொய் சொல்கிறான், துவான்" என்றேன்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். வேலு என்னை ஒரு தடவை பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு மூட்டை, ஒரு அம்மி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாரியாயி. மலாய்ப் படகுக்காரர் ஒருவர் கேட்காமலே தன் சம்பானில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தென்னந்தோட்டத்தில் அவளுடைய அண்ணன் இருப்பதாகப் பேச்சு.

அவர்கள் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அடுத்த நாள் மதியம் ஆள்கள் சாப்பிடப் போன நேரத்தில் சப்பாத்தைக் கழற்றினேன், கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக் கோடிப் பக்கம் இறங்கினேன். நாலு எட்டுக்குமேல் வைக்க முடியவில்லை. பாதம் எரிந்தது. குதிகாலைத் தூக்கித் தூக்கிக் குரங்கு மாதிரி ஆடிக்கொண்டே தெர்மாமீட்டரைச் சேற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பத்து. மதகடிக்குப் போய்ப் பார்த்தேன். எண்பத்தைந்து. ஒரே குளம், ஒரே நேரம். என் சப்பாத்துக்கும் அவன் காலுக்கும் நடுவில் இருபத்தைந்து டிகிரி.

துரையின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பலகையில் நின்றது, மதியம் பார்க்காமலே எழுதியது, எல்லாம். அவர் பைப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கத்துவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்று காத்திருந்தேன்.

"நீ நேர்மையான பையன்" என்றார். "இனிமேல் கோடியில் போய்ப் பார். அத்தாப்புப் பந்தலும் போடலாம்."

"வேலுவைத் திரும்பக் கூப்பிடலாமா, சார்?"

"வேறு ஆள் போட்டாயிற்று. இப்போது கூப்பிட்டால் ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். விடு."

விட்டேன். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை! ஒரு ஏச்சு இல்லை, ஒரு நாள் சம்பளம் பிடிக்கவில்லை. பொய் எழுதினவன் நாற்காலியில் இருந்தான், உண்மை சொன்னவன் தோட்டத்தில் தேங்காய் உரித்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி யாரும் என்னைத் தேற்ற வேண்டாம். நான் ஆனையும் இல்லை, எனக்கு அடி சறுக்கவும் இல்லை. சறுக்கிவிடும் என்று பயந்து நான் தண்ணீரில் காலே வைக்கவில்லை.

துரையிடம் சொல்லிவிட்டேன் என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சம்பான் பிடித்து அக்கரைக்குப் போனேன். வெயிலில் நடந்து, விசாரித்து, தோட்டத்து லயத்தைக் கண்டுபிடித்தேன். வேலு உரித்த மட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அது எனக்கு என்னவோ செய்தது.

"வாங்க கிராணி ஐயா" என்றான். ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தான். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். நூற்றுப் பத்து டிகிரி என்றேன். நீ சொன்னதுதான் சரி என்றேன். மன்னித்துக்கொள் என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்றீங்க" என்றான் அவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாரியாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டாள். "வேற யாருகிட்ட சொன்னீங்க?"

"துரைகிட்டே சொல்லிட்டேன்மா. எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன்."

"எங்க வெச்சு?"

"அவர் ரூம்ல."

"கதவ சாத்திக்கிட்டா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரர பொய்யன்னு சொன்னது நடு முத்தத்துல, நாப்பது பேரு பாக்க. உண்மைய மட்டும் கதவ சாத்திக்கிட்டு ஒரு ஆளுகிட்ட சொன்னீங்களோ? நல்லா இருக்குது உங்க நேர்மை. அந்த எளநிய வெச்சுட்டு எந்திரிச்சுப் போங்க."

"மாரி, சும்மா இரு" என்றான் வேலு.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? அன்னிக்கு நீ சும்மா இருந்த, இந்தா, கையில துணி சுத்திக்கிட்டு உக்காந்திருக்க."

இளநீரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். சம்பானில் வரும்போது அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பாதிக் கடல் தாண்டியதும் அந்தக் கோபம் திரும்பி என்மேலேயே விழுந்தது. அதற்குப் பிறகு அது இறங்கவே இல்லை. நேற்று உங்கள் குளக்கரையில் எனக்கு வந்ததும் அதே கோபம்தான்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் துரை பேர் கூப்பிட ஆரம்பிக்குமுன் நான் முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இதில் இருப்பது பொய். நான் கோடிக்குப் போய்ப் பார்க்கவே இல்லை. தண்ணீர் கொதித்தது. வேலு சொன்னது உண்மை, அவனைப் பொய்யன் என்று சொன்னவன்தான் பொய்யன். தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை. துரையின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. யாராவது ஆச்சரியப்படுவார்கள், சத்தம் போடுவார்கள், காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அவர்களில் யாருக்கும் அது புதுச் செய்தியாக இல்லை. நாற்பது பேரும் வெறுங்காலோடுதான் நின்றார்கள்.